நடக்காத பதினான்கு கூட்டங்கள்

எங்கள் அன்பியத்தின் குறிப்பேட்டில் 2022 ஜூன் முதல் 2023 ஜூலை வரை 19 கூட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் நடந்தவை 5. மீதி 14 கூட்டங்களையும் ஒரே இரவில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் எழுதினேன். எந்த வீட்டில் கூடினோம், யார் யார் வந்தார்கள், எந்த வாசகம் வாசித்தோம், யார் என்ன பகிர்ந்தார்கள், என்ன முடிவெடுத்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரிந்துவிடக் கூடாதென்று நீலப் பேனா இரண்டும் கறுப்புப் பேனா ஒன்றும் மாற்றி மாற்றி எடுத்தேன். சில பக்கங்களில் எழுத்தை வேண்டுமென்றே சாய்த்தேன். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் பங்குத் திருவிழாவில் அந்த ஆண்டின் சிறந்த அன்பியம் என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கியவன் நான்.

தொழிலில் நான் பத்திர எழுத்தர். முப்பது வருடமாகக் கிரயப் பத்திரமும் தானப் பத்திரமும் எழுதுகிறேன். சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் இல்லையென்று டீக்கடையில் நிற்பவரைக் கூட்டிவரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கட்சிக்காரரை நேரில் அறியாத ஒருவரை என் பத்திரத்தில் நான் சாட்சியாகச் சேர்த்ததில்லை. நடக்காததை நடந்ததாக எழுதினால் என்ன ஆகும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் பங்கில் யாரும் இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

பொய் எழுதியதை மட்டும் சொல்வதென்றால் இத்தோடு நிறுத்திவிடலாம். கூட்டங்கள் ஏன் நடக்காமல் போயின என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கும் காரணம் நானே.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு சொல்: ஒரு பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் இருபது முப்பது சேர்ந்தது ஓர் அன்பியம். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவோம். விவிலியம் வாசிப்போம், வாசித்ததை வாழ்க்கையோடு சேர்த்துப் பேசுவோம், தெருவில் யாருக்கு என்ன தேவை என்று பார்ப்போம். எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி உண்டு. உறுதிபூசுதல் வாங்கியதும் பலருக்கு அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு ஞாயிறு பிரசங்கம் மட்டும்தான். ஏழாம் வகுப்பில் கற்ற விசுவாசத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் வருகிற சாவையும் கடனையும் சந்திக்கிறோம். பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் மறைக்கல்வியின் முதன்மையான வடிவம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் எழுதினார். பல பங்குகளில் அதற்கென்று இருக்கிற ஒரே இடம் அன்பியம்.

இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்வேன். 1990-இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், எல்லாரும் பங்கேற்கும் சிறு குழுக்களின் கூட்டுறவாகத் திருச்சபை இருக்க வேண்டும் என்று சொன்னதைச் சொல்வேன். 1995-இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வந்ததைச் சொல்வேன். எனக்குப் பிடித்த கதை சவேரியாருடையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு வந்து குவிந்தபோது அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் போய் அந்த வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். நம் மண்ணில் மறைக்கல்வி நோயாளியின் கட்டிலருகே போய் நின்றது என்று நான் எத்தனையோ கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன்.

அஞ்சல்வழியில் விவிலியப் படிப்பு முடித்தவன் என்பதால் பங்குத்தந்தை என்னைப் பொறுப்பாளராக்கினார். எங்களுக்குக் கற்றுத் தந்த பகிர்வு முறைக்கு ஏழு படிகள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவானது அது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் பட்ட சொல்லை எடுத்து மூன்று முறை சொல்வது, அமைதியாக இருப்பது, மனதைத் தொட்டதைப் பகிர்வது, என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்வது, செபிப்பது. விளக்கவுரை இதில் ஒரு படியாகவே இல்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லார் வாயிலிருந்தும் வார்த்தை வர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

நான்காம் படியில் மூன்று நிமிடமாவது அமைதி வேண்டும். நான் இருபது எண்ணுவதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவேன். அந்த அமைதியில் எல்லாரும் என்னை மறந்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. இன்று யோசிக்கும்போதுதான் அதைப் பயம் என்று கண்டுகொள்கிறேன். ஐந்தாம் படியில் யார் எதைச் சொன்னாலும் திருத்துவேன். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவன், பன்னிரண்டு சீடர்களில் பவுலையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அவன் சொல்ல வந்தது வேறு. குடியை விட்ட கதையை முதன்முதலாகப் பத்துப் பேர் முன்னால் சொல்ல வாயெடுத்தான். பவுல் பன்னிருவரில் ஒருவர் இல்லை என்று நான் இடைமறித்தேன். சரி சார் என்று உட்கார்ந்தவன் அந்தக் கதையை முடிக்கவில்லை.

2022 மே 15-ஆம் தேதி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த வாரக் கூட்டத்துக்கு யோபு நூலை எடுத்தேன். காரணம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, அடுத்தடுத்து வந்த இழப்புகளில் நொந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அதிலிருந்து தொடங்கி 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர், துன்பத்தில் கேட்ட ஒரு கதையால் விசுவாசத்துக்கு வந்தவர். பெரியவர்களின் விசுவாசப் பயிற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

அன்று எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா வந்திருந்தார். எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவந்திருந்தார். பொதுவாகக் கூட்டத்தில் பேசாதவர். அன்று கை உயர்த்தாமல், தரையைப் பார்த்தபடியே கேட்டார்:

“தம்பி, கடைசியில ஆண்டவர் அவருக்குப் பத்துப் பிள்ளைகளத் திரும்பக் குடுத்தாருன்னு சொல்றீங்க. அது வேற பத்துப் பிள்ளைதான? செத்த பத்தும் செத்ததுதான?”

அவருடைய மூத்த மகன் எட்டு வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் இறந்தான். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். இருந்தும் அவர் கேட்டபோது அது என் நினைவில் வரவில்லை. நல்ல கேள்வி, என் படிப்பைக் காட்ட நல்ல இடம் என்றுதான் தோன்றியது. யோபு நூல் ஞான இலக்கிய வகை என்று தொடங்கினேன். தொடக்கமும் முடிவும் உரைநடை, நடுவில் உள்ளது கவிதை என்றேன். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரின் வாதங்களையும் பிரித்துச் சொன்னேன். கால் மணி நேரம் பேசி, துன்பத்திலும் இறைவனுக்கு ஒரு திட்டம் உண்டு என்று முடித்தேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். முந்தானை நுனியைச் சுட்டுவிரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கூட்டம் முடிந்து டீ கொடுத்தபோது வாங்கவில்லை. சுண்டல் தூக்குவாளியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போனார். எங்கே போனாலும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவார் அவர்.

“அக்கா மொகமே சரியில்ல” என்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள். “புரியாதவங்களுக்குப் புரிய நேரமாகும்” என்றேன்.

அதன் பிறகு அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. ஆட்டோக்காரத் தம்பி ஏற்கெனவே நின்றிருந்தான். முறை வந்த வீட்டில், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த வீட்டில், பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். நான் கோபித்துக்கொண்டேன். ஜனங்களுக்கு ஆர்வமில்லை என்று பங்குப்பேரவையில் குறை சொன்னேன். பிறகு கூட்டம் போடுவதையே விட்டுவிட்டேன். ஒரு வீட்டுக்கும் போய் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

2023 திருவிழாவுக்கு முந்தின மாதம் எல்லா அன்பியங்களின் குறிப்பேடுகளையும் கேட்டார்கள். அன்றிரவுதான் உட்கார்ந்தேன். வெறும் எண்ணிக்கை போதாது, பகிர்வுகளும் இருந்தால்தான் உண்மை போலிருக்கும் என்று நினைத்தேன். மார்ச் 10-ஆம் தேதிக் கூட்டத்துக்கு, இடம் என்ற இடத்தில் இட்லிக்கடை அக்காவின் வீட்டை எழுதினேன். முறைப்படி அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் 17 என்று போட்டேன். அவர் பெயருக்கு நேரே, துன்பத்திலும் இறைவனுக்கு ஒரு திட்டம் உண்டு என்பதை உணர்ந்ததாகப் பகிர்ந்தார் என்று எழுதினேன். என்னுடைய பதிலை எடுத்து அவர் வாயில் வைத்தேன். கை கூசவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஆறாம் படிக்கு, நோயுற்றோரைச் சந்திப்பதென முடிவு செய்யப்பட்டது என்று 14 பக்கங்களிலும் எழுதினேன்.

கேடயம் வாங்கி ஒரு வாரம் கழித்து, திருவிழா வரி பாக்கியை வசூலிக்க ரசீதுப் புத்தகத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததைப் போகிற வருகிற போது பார்த்திருந்தேன். திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே ஒரு பேசின், தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு, சுவரோரம் நான்கு கால் ஊன்றுகோல். பிப்ரவரியில் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் அறுவை. மகள் இருபது நாள் வந்து இருந்துவிட்டு, கம்பெனி வேலை போய்விடும் என்று திரும்பியிருக்கிறாள். அதன்பின் பார்த்துக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டு பாய் குடும்பம். ரமலான் மாதம் முழுக்க, மாலையில் நோன்புக் கஞ்சி வந்துவிடுமாம். சொன்னபோது அக்கா சிரித்தார்.

நான் 17 பேரைக் கூட்டிவைத்ததாக எழுதிய மார்ச் 10-ஆம் தேதி, அந்த வீட்டில் அவர் இப்படித்தான் கிடந்திருக்கிறார்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் கை விட்டு, மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரசீது எழுதிக் கொடுத்தேன். எழுந்தபோது ஒன்று மட்டும் சொன்னார்: “நன்ம வாங்கி ஆறு மாசமாச்சு தம்பி. ஃபாதர்ட்டச் சொல்றீங்களா?”

முதல் வெள்ளிக்கு முன் நோயாளிகளின் பெயர்களைப் பங்குத்தந்தையிடம் கொடுக்க வேண்டியவர் அன்பியப் பொறுப்பாளர்தான். பங்குத்தந்தை வீடு வீடாகப் போய் நன்மை, அதாவது நற்கருணை, கொடுப்பார். ஆறு மாதமாக எங்கள் அன்பியத்திலிருந்து ஒரு பெயரும் போகவில்லை. நற்கருணையைப் பற்றி மூன்று கூட்டங்களுக்கு விளக்கம் சொன்ன நான், பசியோடு கேட்ட ஒருத்திக்கு அதைக் கிடைக்காமல் செய்திருந்தேன். கேடயத்தைவிட, பொய்க் குறிப்புகளைவிட, இதுதான் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்கிறது.

மறுநாளே ஃபாதரிடம் அக்காவின் பெயரைச் சொன்னேன். குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?” என்றார். இல்லை என்றேன். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அந்தக் கேள்வியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மார்ச் 10-ஆம் பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெயர் வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவரே, “வாசிங்க” என்றார். வாசித்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“நான் இப்படிச் சொல்லவே மாட்டேனே தம்பி.”

அதில் கோபம் இல்லை. நிலத்தின் எல்லையைத் தவறாக எழுதிவிட்டால் கட்சிக்காரர் திருத்துவதுபோல, உள்ளதைச் சொன்னார். “எம் பேர்ல எழுதுனத அடிச்சிருங்க” என்றார். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் வந்தால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தேன். அறிவொளி இயக்கத்தில் கற்ற கையெழுத்தை, எழுத்து எழுத்தாக, அதன் பக்கத்தில் அவர் போட்டார். அந்தக் குறிப்பேட்டில் உண்மையான சாட்சிக் கையெழுத்து அது ஒன்றுதான்.

யோபுவின் நண்பர்களைப் பற்றி அன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவர்கள் மூவரும் வந்த புதிதில் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய துயரத்தின் அளவைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாயைத் திறந்து விளக்கத் தொடங்கிய பிறகுதான் ஆண்டவரின் சினத்துக்கு ஆளானார்கள். பரீட்சைக்குப் படித்தபோது இந்தப் பகுதிக்கு நான் கோடுகூடப் போடவில்லை.

அன்பியத்தைக் கூட்டிச் சொன்னேன். 11 பேர் வந்தார்கள். ஒருவர் எழுந்து போனார். அவர் குடும்பம் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது அவர்களுக்கு உரிமையுள்ள கோபம். பங்குப்பேரவையில் சொல்ல மட்டும் தைரியம் வராமல் காலம் கடத்தினேன். கேடயம் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால், போன ஞாயிறு பூசைக்குப் பிறகு, பேரவை உறுப்பினர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது பொறுப்பாளர் வேறொருவர், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண். நான்காம் படி வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொள்வார். மூன்று நிமிடம். முதல் சில கூட்டங்களில் அந்த மூன்று நிமிடம் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. நான் பேசாமல் இருப்பதாகச் சொல்லிப் போய் அழைத்ததும் ஆட்டோக்காரத் தம்பி வந்தான். சென்ற மாதம் அவன் தன் கதையை முடித்தான். அதில் ஒரு இடத்தில் பேதுருவின் பெயரும் யோவானின் பெயரும் மாறிப்போயின. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறார். வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போய் உட்காருகிறேன். மகனைப் பற்றி அவர் பேசுவார். சில நாள் பேசமாட்டார். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன்.

அன்பியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குறிப்பேட்டை எடுத்து, தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர்கள் யார் என்று பாருங்கள். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். போகும்போது ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.